மரைக்காக வைத்த கனம்

வீட்டு வேலைக்காக வெல்டிங் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் மெஷினைப் பற்றிக் கேட்பார்கள். எத்தனை ஆம்ப், எந்தக் கம்பெனி, இன்வெர்ட்டரா பழைய ஆயில் மெஷினா என்று பேச்சு நீளும். அடுத்து ராடுக்கு வருவார்கள். எந்த இரும்பில் கை வைப்பது என்று கேட்பவரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒல்லியான சதுர டியூபை வாங்கி வந்து, அதில் ஓட்டை ஓட்டையாக விழ, "எனக்குக் கை வரவில்லை" என்று மெஷினை மூலையில் வைத்து மூடிவிடுவார்கள். கை வராததற்குப் பாதிக் காரணம் அந்த டியூப்தான் என்பது, பட்டறைகளோடு பழகிய காலம் முழுக்க எனக்குள் கெட்டிப்பட்டுப்போன எண்ணம். வீட்டில் ஊஞ்சல் ஸ்டாண்டு, மாடிப்படிக் கைப்பிடி, கொடிப்பந்தல், மோட்டாருக்குத் தாங்கி என்று எதையாவது தானே செய்து பார்க்க விரும்புகிறவருக்கு ஏற்ற இரும்பு கருப்பு பைப்தான் என்பது என் கட்சி. அமெரிக்காவில் வீட்டுக்குள் கேஸ் கொண்டுபோவதற்குப் போடும் குழாய் அது. நம்மூர்க் கடையில் எம்.எஸ். பைப் என்றும், பி கிளாஸ், சி கிளாஸ் என்றும் கேட்டால் அதே இனத்தைச் சேர்ந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். துத்தநாகம் பூசாத, கனமான சுவர் உள்ள, இருபது அடி நீளக் குழாய்.

இதன் சிறப்பெல்லாம் அந்தச் சுவரின் கனத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கனத்தை யாரும் வெல்டரை நினைத்து வைக்கவில்லை. 1792இல் இங்கிலாந்தின் ரெட்ரூத்தில் வில்லியம் முர்டாக் தன் வீட்டுக்கு நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். அதன் பிறகு வாயு விளக்கு ஊர் ஊராகப் பரவியபோது குழாய்க்குத் தட்டுப்பாடு. நெப்போலியன் போர்கள் முடிந்து வேண்டாமல் கிடந்த துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று திருகி இணைத்துக்கூட வாயு கொண்டுபோனார்கள். 1825இல் கொர்னீலியஸ் வொயிட்ஹவுஸ் என்பவர் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை ஒரே இழுப்பில் சுருட்டி ஒட்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதும்தான் குழாய் மலிவானது. ஆனால் அன்றும் சரி, இன்றும் சரி, இணைப்பது மரை போட்டுத் திருகித்தான். மரை என்றால் சுவரை வெட்டுவது. அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குலத்துக்கு 14 மரை. ஒவ்வொரு மரையின் ஆழமும் ஏறக்குறைய 1.16 மில்லிமீட்டர். நம் ஐஎஸ் 1239 தரப்படி நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் அரை அங்குலக் குழாயின் சுவர் 2.6 மில்லிமீட்டர். மரை தின்றது போக மிஞ்சுவது 1.44. ஒரு அங்குலக் குழாயிலும் இதே கதைதான்: 3.2 மில்லிமீட்டர் சுவரில் கிட்டத்தட்ட 1.5 மில்லிமீட்டரை மரை எடுத்துக்கொள்கிறது. ஆக, சுவரில் ஏறக்குறைய பாதி, பிளம்பர் வெட்டி எறிவதற்கென்றே வைத்தது. வெல்டிங் செய்பவர் மரை போடுவதில்லை. அந்தப் பாதியும் அவருக்கு இனாமாகக் கிடைக்கிறது.

இனாமாகக் கிடைத்த அந்தக் கனம் என்ன செய்யும் என்பதை உருகிய இரும்பைப் பார்த்தால்தான் புரியும். பட்டறையில் பன்னிரண்டு நம்பர் என்று சொல்லும் 2.5 மில்லிமீட்டர் ராடை எழுபது, எண்பது ஆம்பில் வைத்து, ஒரு அங்குல பி கிளாஸ் குழாயின் மேல் தொட்டு இழுத்தால், கருப்புக் கண்ணாடிக்குள் முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். கண் பழகியதும் வெளிச்சத்துக்கு அடியில் ஒரு சிறு குளம் தெரியும். கசடு அதன் வாலில் மங்கலாக ஒதுங்கி நிற்கும், முன் விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்கும். கற்பவர் பார்க்க வேண்டியது அந்த விளிம்பை. மூன்று மில்லிமீட்டர் சுவரில் அந்தக் குளம் நின்று நிதானித்துக் காட்சி தரும். கை சற்றுத் தாமதித்தால் கொஞ்சம் அகலமாகும், விரைந்தால் ஒடுங்கும். தப்புக்கும் அதன் விளைவுக்கும் நடுவே ஒரு நொடி, இரண்டு நொடி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் கை கற்றுக்கொள்கிறது. பதினாறு கேஜ் டியூபின் சுவர் 1.6 மில்லிமீட்டர். சூட்டை வாங்கி உள்ளே கடத்த அங்கே இரும்பே இல்லை. குளம் உண்டாகிறது, சிவந்து தொய்கிறது, ஓட்டை விழுகிறது. மூன்றும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எது தப்பு என்று கண் பார்ப்பதற்குள் பாடம் முடிந்துபோகிறது.

இதிலிருந்து தப்பிக்க எல்லோரும் ஒரே குறுக்குவழியைத்தான் கண்டுபிடிப்பார்கள். தொட்டுத் தொட்டுப் பொட்டு வைப்பது. ஓட்டை விழுந்த இடத்தில் ராடின் மேல் பூசிய மருந்தைத் தட்டிவிட்டு வெறும் கம்பியை வைத்து அடைப்பது. மேலே கிரைண்டர், அதற்கு மேலே பட்டி, அதற்கு மேலே பெயிண்ட். கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி கேட் ஜம்மென்று இருக்கும். ஆனால் ஒட்டியிருப்பது அந்தப் பொட்டுகள் மட்டும்தான். அவற்றிலும் பாதியைக் கிரைண்டர் சீவிக்கொண்டு போயிருக்கும். தெருக்களில் கீலோடு பிய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கேட்டுகளை உற்றுப் பாருங்கள். முறிந்தது பெரும்பாலும் இரும்பாக இருக்காது. வரிசையாகப் பொட்டு பொட்டாகத் தடம் தெரியும், நடுவில் ஒட்டவே ஒட்டாத கருப்பு இடைவெளிகள் இருக்கும். கனமான குழாயில் அதே கற்றுக்குட்டி ஓர் அங்குலம் தொடர்ந்து ஓட்டியிருந்தால், அழகில்லாமல் புழு நெளிந்தாற்போல் இருந்தாலும் ஒட்டியிருக்கும். அசிங்கமான நல்ல ஒட்டை மன்னிக்கலாம். அழகான பொய் ஒட்டு ஆபத்து.

இதற்கு முதல் மறுப்பு எடையிலும் காசிலும் வரும். நியாயமான மறுப்புதான். ஒரு அங்குல பி கிளாஸ் குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ. ஒரு அங்குல, பதினாறு கேஜ் சதுர டியூப் 1.2 கிலோகூட இல்லை. இரும்பைக் கிலோ கணக்கில்தான் வாங்குகிறோம் என்பதால் விலையும் அதே விகிதத்தில் போகும். குழாய் விறைப்பானது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இந்த இரண்டையும் மட்டும் ஒப்பிட்டால் குழாய் இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பானது, உண்மை. ஆனால் சாமர்த்தியக்காரர் 40 மில்லிமீட்டர் சதுர டியூபை எடுத்து நீட்டுவார். அது குழாயைவிட ஐந்தில் ஒரு பங்கு எடை குறைவு, விறைப்போ ஒன்றரை மடங்குக்கும் மேல். கணக்கில் நான் தோற்றேன். மெல்லிய சுவரை அகலமாகப் பரப்பினால் குறைந்த இரும்பில் அதிக விறைப்புக் கிடைக்கும் என்பது பொறியியல் பாலபாடம். ஆயிரம் கட்டில் செய்யும் தொழிற்சாலை அந்தக் கணக்கில்தான் வாழ்கிறது. ஒரே ஒரு ஊஞ்சல் ஸ்டாண்டு செய்பவருக்கு இருபது அடிக் குழாய் ஒன்றோ இரண்டோ போதும். அதில் மிச்சப்படும் சில கிலோ இரும்பின் விலை, பாழாகும் ராடிலும் டிஸ்கிலும் பட்டியிலும் போய்விடும். விறைப்புக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் துருவைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் இன்னொரு குறை. கடற்கரை ஊர்களில் 1.6 மில்லிமீட்டர் சுவர் அடிப்பக்கம் அரித்துக் காகிதமாகும் காலத்தில், 3.2 மில்லிமீட்டர் சுவர் பாதிதான் இழந்திருக்கும். சென்னையில் வீடு கட்டி, தரையைத் தொட்டு நிற்கும் கேட்டின் அடிச்சட்டத்தைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிக் மெஷின் வந்துவிட்டதே, 0.8 மில்லிமீட்டர் கம்பியில் மெல்லிய டியூபும் அழகாக ஒட்டுமே என்பார்கள். ஒட்டும். நல்ல மிக் மெஷினும், கேஸ் சிலிண்டரும், காற்றடிக்காத கொட்டகையும் இருக்கிறவருக்கு என் வாதத்தின் பலம் குறைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டு வேலை நடப்பது மொட்டை மாடியில், ஆடிக் காற்றில். காற்று கேஸ் போர்வையைக் கலைத்துவிட்டால் ஒட்டு முழுக்கப் பஞ்சுபோல் நுண்துளை விழும். ராடு தன் மருந்தைத் தானே சுமந்து வருவதால் காற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பதினைந்து ஆம்ப் பிளக்கில் சின்ன இன்வெர்ட்டரைச் சொருகிப் பன்னிரண்டு நம்பர் ராடை ஓட்டலாம். பத்து நம்பருக்கு அந்த லைன் திணறும். நல்ல வேளையாக மூன்று மில்லிமீட்டர் சுவருக்குப் பன்னிரண்டு நம்பரே தாராளம்.

துருப்பிடிக்கும் என்று நீயே சொல்கிறாயே, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வாங்கினால் என்ன என்பது அடுத்த கேள்வி. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1,500 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். ஆகவே ஆர்க் தொட்ட கணமே ஜி.ஐ. பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பி, பஞ்சுத் துணுக்குபோல் சுற்றிலும் படியும். அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்று மாலையோ இரவோ குளிர் காய்ச்சல் வரும், வாயில் உலோகச் சுவை தட்டும், ஓரிரு நாளில் விடும். பட்டறைகளில் இதற்குப் பால் குடி, வெல்லம் சாப்பிடு என்பார்கள். புகையை இழுக்காமல் இருப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. வெளிப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு ஒட்டலாமே என்றால், குழாய்க்கு உள்பக்கமும் பூச்சு இருக்கிறது, அங்கே டிஸ்க் போகாது. இவ்வளவு சிரமத்துக்கும் பிறகு துரு எங்கே பிடிக்கும் என்றால், பூச்சு எரிந்துபோன ஒட்டின் ஓரத்தில்தான். கருப்புக் குழாயின் மேலும் ஆலைச் செதிலும் வார்னிஷும் உண்டு. அதையும் ஒட்டும் இடத்தில் ஓர் அங்குலத்துக்குத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், எர்த் கவ்வும் இடத்திலும்தான். ஆனால் அது ஐந்து நிமிட வேலை. பிறகு ரெட் ஆக்சைடு, அதன்மேல் எனாமல் என்று முழுக்க ஒரே சீராகப் பூசிக்கொள்ளலாம்.

வெல்டிங்கே எதற்கு, குழாயோடு எல்போவும் டீயும் ஃபிளான்ஜும் விற்கிறார்களே, திருகி இணைத்து அலமாரியும் மேசையும் செய்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் அது ஒரு பெரிய மோகமாகவே இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மரை, உள்ளே ஓடும் வாயு கசியாமல் தடுப்பதற்கு ஏற்பட்டது. பக்கவாட்டில் ஆட்டினால் முழு பளுவும் சுவர் மெலிந்த அந்த முதல் மரைப் பள்ளத்தில்தான் போய் விழும். குழாய் உடையும்போது பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது, அரிக்கும்போதும் அங்கேதான் அரிக்கிறது. உட்காரும், ஆடும், ஏறும் பொருளுக்கு மரை இணைப்பு போடுவது, கனமான சுவரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதன் பலனை மரை போடும் டையில் வெட்டிக் குப்பையில் போடுவது.

என்னால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஒன்று உண்டு. குழாய் உருண்டை. சதுர டியூபைக் குறுக்கே வெட்டி நேராக வைத்தால் உட்கார்ந்துவிடும். உருண்டையின் மேல் உருண்டையை டீ வடிவில் நிறுத்த, வருகிற குழாயின் முனையை மீன் வாய்போல் குடைந்தெடுக்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை. குழாயைச் சுற்றி ஒரு காகிதத்தை இறுக்கிச் சுற்றி, சுற்றளவை நான்காக மடித்து நான்கு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எதிரெதிரான இரண்டு கோட்டில் பள்ளம், மற்ற இரண்டில் மேடு என்று வளைவு வரைந்து, கத்தரித்து, அதையே அச்சாக வைத்துச் சாக்பீஸால் குறிக்கலாம். நான்கு அங்குல கிரைண்டரால் முக்கால்வாசி வெட்டிவிட்டு, மீதியை அரைவட்ட அரத்தால் தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி கசியாமல் எங்கே முட்டுகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் அரம் வேண்டும் என்று அர்த்தம். பொறுமை இல்லாதவர்கள் முனையைச் சம்மட்டியால் தட்டையாக அடித்து ஒட்டிவிடுவார்கள். கோழிக் கூண்டுக்கு அது போதும். இங்கேயும் கனமான சுவர் கைகொடுக்கிறது. மெல்லிய டியூபில் அரை மில்லிமீட்டர் இடுக்குகூட ஓட்டையாக விரியும். மூன்று மில்லிமீட்டர் சுவர் ஒரு மில்லிமீட்டர் இடுக்கைப் பொறுத்துக்கொண்டு, உருகிய இரும்பு வேர்வரை இறங்க வழியும் விடும்.

உருண்டையாக இருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. முக்கால் அங்குலக் குழாயின் வெளி விட்டம் 26.9 மில்லிமீட்டர். ஒரு அங்குல பி கிளாஸின் உள் விட்டம் 27.3. ஒன்றுக்குள் ஒன்று நுழையும். அதேபோல் அரை அங்குலம் முக்காலுக்குள் போகும். உயரம் கூட்டிக் குறைக்கும் குடைக்கால், ஆன்டெனா கம்பம், பந்தல் கால் எல்லாவற்றுக்கும் இது தோது. எல்லாக் குழாயும் நுழைந்துவிடாது. அளவில் தர நிர்ணயமே கொஞ்சம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கிறது, உள்ளே நீளவாக்கில் ஓடும் தையல் மேடும் தடுக்கும். கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்க வேண்டும். அந்தத் தையல், குழாயை வளைக்கும்போது வெளிவளைவிலோ உள்வளைவிலோ வராமல் பக்கவாட்டில் வரும்படி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் குழாயைப் பற்றி என் உற்சாகம் குறைவு. வெளியே துரு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும், உள்ளே என்ன ஓடியது என்று தெரியாது. எண்ணெயோ கரைப்பானோ ஓடிய குழாய், சூடு பட்டதும் ஆவியைக் கிளப்பும். இரு முனையும் அடைத்திருந்தால் அது குண்டு. புதுக் குழாயிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. அழகுக்காக இரு முனையிலும் மூடி வைத்து முழுக்க ஒட்டும்போது, உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து கடைசி அரை அங்குலத்தில் உருகிய இரும்பை முகத்துக்கு நேரே துப்பும். மூடுவதற்கு முன் மறைவான இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டால் போதும். கீழ்ப்பக்கம் போட்டால் பின்னாளில் உள்ளே சேரும் நீரும் அதன் வழியே இறங்கும்.

இவ்வளவும் உள்ளே எதுவும் ஓடாத குழாய்க்குச் சொன்னது. மரையைவிட ஒட்டு பலமென்றால், கேஸ் போகும் லைனையே ஒட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்டால், அவர் என் வாதத்தை என்னைவிட நேராகக் கொண்டுபோகிறார் என்றுதான் சொல்வேன். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் எல்லாம் ஒட்டியவைதான். ஆனால் அங்கே ஒட்டுகிறவர், தான் ஒட்டிய துண்டை வெட்டி வளைத்துக் காட்டித் தேர்வு பெற்றவர். ஒட்டைக் கதிர்ப்படம் எடுத்து உள்ளே துளை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். ராடை ஆரம்பிக்கும் இடத்திலும் நிறுத்தும் பள்ளத்திலும் ஊசிமுனைத் துளை விழுவது கற்றுக்குட்டிக்கு மட்டுமல்ல, தேர்ந்தவருக்கும் நேர்வது. ஊஞ்சல் ஸ்டாண்டில் அந்தத் துளையால் ஒன்றும் ஆகாது. பலம் வேறு, கசிவின்மை வேறு. கசிவு என்ன செய்யும் என்பதற்கு 1937 மார்ச் 18 அன்று டெக்ஸாஸின் நியூ லண்டன் பள்ளியில் நடந்ததே சாட்சி. செலவை மிச்சம் பிடிக்க எண்ணெய் வயலின் கழிவு வாயு லைனில் இணைப்பு எடுத்திருந்தார்கள். மணமில்லாத அந்த வாயு கசிந்து தரைக்கு அடியில் சேர்ந்து, ஒரு பொறியில் வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். இன்று கேஸில் நாற்றம் சேர்ப்பதைச் சட்டமாக்க வைத்த விபத்து அது. நம் வீடுகளிலும் மண்டபங்களிலும் இருக்கும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும், காற்றில் இரண்டு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். மண்டபச் சமையல்கட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்த லைனில் இன்னும் ஒரு அடுப்புக்கு முனை எடுத்துக் கொடு என்று, கேட் ஒட்ட வந்தவரிடமே கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மெஷினும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், பத்து நிமிட வேலைதானே என்பார்கள். அதற்கென்று தேர்வு பெற்ற ஆளை, லைனைக் காலி செய்து சோதித்துத் தருகிற ஆளை, கூப்பிடச் சொல்லிவிட்டு கேட் ஒட்டுகிறவர் தன் ஹோல்டரைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். சிலிண்டர் அந்த அறையில் இருக்கும்வரை, கேட் வேலையைக்கூட வாசலுக்கு வெளியே எடுத்துப்போய்த்தான் செய்ய வேண்டும்.